வருத்தம் பார்க்க வந்தவர்கள்

எங்கள் ஊரில் இத்தனை வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு மாரடைப்பு வந்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை அவர்களை நான் தோட்டக்காரர், கடைக்காரர், இளைப்பாறிய ஆசிரியர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பிறந்தது உன்னிச்சைப் பக்கம். எங்கள் பகுதியில் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். அப்படிக் கலியாணம் முடித்து, வாவியைக் கடந்து, களுதாவளைக்குக் கிட்டவுள்ள என் மனைவியின் ஊருக்கு வந்தேன். முப்பத்தைந்து வருடமாகியும் இங்கே எனக்குப் பெயர் 'படுவான்கரையார்' என்பதுதான். வாவிக்கு மேற்குக் கரையிலிருந்து வந்தவன் என்று பொருள். இந்த ஊரில் உள்ளவர்களில் பாதிப்பேர் என் மனைவிக்குச் சொந்தம். மீதிப்பேர் சொந்தம் என்று சொல்லிக்கொள்பவர்கள்.

ஒரு காலையில் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றபோது நெஞ்சின் நடுவில் நெல் மூட்டையைத் தூக்கி வைத்ததுபோல் ஓர் அழுத்தம் வந்தது. குத்தவில்லை, எரியவில்லை, அழுத்தியது. இடது கை கனத்தது. குளித்தவன்போல வியர்த்தது. நான் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. சத்தம் போட்டு மனைவியைக் கூப்பிட்டேன், அவள் ஓட்டோ பிடித்தாள், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈசிஜி எடுத்தார்கள். அஸ்பிரின் குளிசையைச் சப்பச் சொன்னார்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஏற்றினார்கள். சில நாள் கழித்து மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு இதயத்துக்குப் போகும் நாடிகளைப் படம் பிடித்தார்கள். ஒன்று முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. அதற்குள் கம்பி வலைக்குழாய் வைத்து விரித்துவிட்டார்கள். நேரத்துக்கு வந்ததால் இதயத் தசை பெரிதாகச் சேதப்படவில்லை என்று டொக்டர் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு என் தலைக்கு ஏறியது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இருபது வருடம் சிகரெட் குடித்தவன் நான். பிறஷர் குளிசையை நினைத்த நாளில் போட்டு நினைக்காத நாளில் விட்டவன். இந்த இரண்டையும் வருத்தம் பார்க்க வந்த எவரிடமும் நான் சொல்லவில்லை.

வருத்தம் பார்ப்பது என்றால் என்னவென்று வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும். வருத்தம் என்றால் எங்களுக்கு நோய். ஒருவர் ஆஸ்பத்திரியால் வீடு திரும்பினால் சொந்தமும் அயலும் போய்ப் பார்க்க வேண்டும். போகாவிட்டால் அது வருடக்கணக்கில் மறக்கப்படாது. வெறுங்கையோடு போகக் கூடாது. பிஸ்கட் பெட்டி, பாலில் கரைக்கிற மோல்ட் பெட்டி, தோடம்பழம், அப்பிள். போனால் இருக்க வேண்டும், இருந்தால் தேத்தண்ணீர் குடிக்க வேண்டும், தூரத்தால் வந்தவரென்றால் சோறும் தின்ன வேண்டும். 'ஓய்வெடுக்க வேண்டும், கனபேரோடு கதைக்கக் கூடாது' என்று டொக்டர் எழுதித் தந்த காகிதம் மேசையில் கிடக்கும். அதன்மேல் அவர்கள் பிஸ்கட் பெட்டியை வைப்பார்கள்.

வந்தவர்கள் சொன்ன வைத்தியத்தை எல்லாம் நான் செய்திருந்தால் இதை எழுத இருந்திருக்க மாட்டேன். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அது வாய்வு. உலகத்தில் உள்ள நோயெல்லாம் எங்கள் ஊரில் வாய்வுதான். நெஞ்சு நொந்தாலும் வாய்வு, முதுகு பிடித்தாலும் வாய்வு, தலை சுற்றினாலும் வாய்வு ஏறிவிட்டது. உள்ளிப்பூண்டு சுட்டுத் தின்னச் சொன்னார்கள், பெருங்காயத்தைக் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். ஒருவர் சோடா குடித்து இரண்டு ஏவறை விட்டிருந்தால் இந்தச் செலவெல்லாம் மிச்சம் என்றார். என் நெஞ்சுக்குள் வைத்திருக்கும் வலைக்குழாய் அவர்களுக்கு 'ஸ்பிரிங்கு'. இருமினால் அது கழன்றுவிடுமா என்று ஒரு மனிதர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

காத்தான்குடியில் கடை வைத்திருக்கும் என் பழைய நண்பர் ஒரு கிலோ மஸ்கட் அல்வா கொண்டுவந்தார். எண்ணெயில் மினுங்கிக்கொண்டிருந்தது. "இது மருந்து மாதிரி மச்சான், முந்திரிகையெல்லாம் போட்டது. எங்கட வாப்பா கடைசி வரைக்கும் திண்டவரு" என்றார். அவருடைய வாப்பா எதனால் மௌத்தானார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நெஞ்சு வருத்தம்தான்" என்றார். சிரிக்கவில்லை. அவர் போன பிறகு நான் இரண்டு துண்டு தின்றேன்.

இளைப்பாறிய பாடசாலை அதிபர் ஒருவர் வந்தார். என்னைவிட மூத்தவர், ஐந்து வருடத்துக்கு முன் அவருக்கும் இதேபோல் வந்தது. கதிரையில் இருந்ததும் குளிசைகளைப் பற்றி ஒரு பிரசங்கம். "எல்லாம் சூடு தம்பி. மூணு மாசம் போட்டன். மறுகா விட்டுட்டன். இப்ப பாருங்க, குத்துக்கல்லு மாதிரி இருக்கன்" என்றார். அந்தக் குத்துக்கல்லு எங்கள் வாசல் படலையிலிருந்து விறாந்தைக்கு வருவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலில் செருப்பு வார் பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. இதயம் பலவீனப்பட்டு இறைக்க முடியாமல் போனால் தண்ணீர் இப்படித்தான் காலில் வந்து தேங்கும். இரவில் படுத்தால் மூச்சு முட்டும், தலையணைக்கு மேல் தலையணை வைக்க வேண்டிவரும். "எத்தனை தலகாணி வைக்கிறீங்க?" என்று கேட்டேன். "மூணு. ஏன்?" என்றார். நான் விளக்கினேன். "வெயிலுக்குள்ள நடந்துவந்தது, அதான் கால் வீங்கிரிக்கு" என்று எழும்பிவிட்டார். படித்த மனிதர். எத்தனையோ பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவர்.

இவர்களைவிட எனக்கு வயிறெரிந்தது ஒரு தாயைப் பார்த்துத்தான். மனைவிக்கு ஒன்றுவிட்ட சகோதரி முறை. அவளுடைய மகளுக்குச் சின்ன வயதில் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து, முழங்கால் மொளியெல்லாம் வீங்கி, கடைசியில் இதயத்தின் வால்வில் பழுது வந்துவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டால் திரும்பவும் அந்தக் காய்ச்சல் வராது, வால்வு மேலும் கெடாது. பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிறார்களாம். "கிளினிக்குக்குப் போனா ஆக்கள் காண்பாங்க அத்தான். மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சிரும்" என்று ஊசியை நிறுத்திவிட்டாள். அவளுக்கு நான் நன்றாக ஏச்சுக் கொடுத்தேன். அழுதுகொண்டு போனாள். என் மனைவி பின்னால் போய் படலையடியில் வெகுநேரம் அவளோடு கதைத்துவிட்டு வந்து, "ஏசாம விளங்கப்படுத்தியிருக்கலாமே" என்றாள். மூடர்களுக்கு விளங்கப்படுத்த முடியாது என்றேன். அடுத்த மாதம் அந்தப் பிள்ளை ஊசி போடப் போனது. போக வைத்தது என் ஏச்சு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

உண்மையைச் சொன்னால் வருகிறவர்களை நான் ஏளனம் செய்தாலும், அவர்கள் வராத நாளில் எனக்குப் பொழுது போகவில்லை. காலையில் குளித்து, சுத்தமான சாரம் கட்டி, விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்துவிடுவேன். ஆட்கள் வந்ததும் தொடங்குவேன். என் தொழில் வாய்க்கால் என்பதால் உவமைக்குப் பஞ்சமில்லை. இதயத் தசை ஒரு வயல் வட்டை, நாடிதான் வாய்க்கால், கொழுப்பு அதில் படிகிற சேறு. சீனி வருத்தமும் பிறஷரும் சிகரெட்டும் வாய்க்காலின் கரையை உள்ளே அரித்துக்கொண்டிருக்கும், சேறு பிடிக்க அது வசதி. ஒருநாள் வாய்க்கால் அடைபட்டால் கடைசி வயலில் பயிர் கருகும். கருகியது திரும்ப முளைக்காது, ஆகவே மணித்தியாலம் முக்கியம். இதைச் சொல்லும்போது கையை விரித்துக் காட்டுவேன். என் மனைவி தேத்தண்ணீர்த் தட்டோடு வந்து, என் கை எங்கே போகும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, அதற்கு எட்டாத பக்கமாக நின்று எல்லோருக்கும் கொடுப்பாள்.

அவளுக்குச் சீனி வருத்தம் வந்து பத்து வருடம். மாதாந்தக் கிளினிக்குக்குத் தவறாமல் போகிறவள். நான் வீடு வந்த பிறகு இரண்டு மாதம் அவள் போகவில்லை. அன்றைக்குப் பார்த்து ஆட்கள் வந்துவிடுவார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரியும். என் குளிசைகளைக் காலை, பகல், இரவு என்று பெட்டியில் பிரித்து வைத்தவள் அவள்தான். அவளுடைய கிளினிக் கொப்பி எங்கே கிடந்தது என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது கிழமையளவில் அவள் குசினி வாசற்படியில் இருக்கத் தொடங்கினாள். முன்பெல்லாம் வேலைக்கு நடுவே இருக்கிறவள் அல்ல. முற்றம் கூட்டிக்கொண்டிருக்கும்போது பாதியில் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு மூச்சு வாங்குவாள். "களைப்பாக் கிடக்கு" என்பாள். ஆட்களுக்குச் சமைத்துச் சமைத்துத்தான் களைப்பு என்றேன். ஒருநாள் கீழ்த்தாடை நோகுது என்றாள். பல்லைக் காட்டு என்றேன். பிறகொரு நாள் நெஞ்சுக்குக் கீழே, வயிற்றுக்கு மேலே எரிகிறது, முதுகுக்குள்ளும் ஏதோ செய்கிறது, வாந்தி வருவதுபோல் ஓங்காளிக்கிறது என்றாள்.

"இஞ்சாருங்க, இது என்னவா இருக்கும்?"

"நேரத்துக்குச் சாப்பிடாட்டி வாய்வுதான். என்ட வயித்தெரிவு மருந்து அந்தப் போத்தலுக்க கிடக்கு, ரெண்டு கரண்டி குடி."

என் வாயாலேயே சொன்னேன். வாய்வு. ஊர் முழுக்க என்னிடம் ஏச்சு வாங்கிய சொல். அவளுக்கு நெஞ்சின் நடுவில் மூட்டை ஏறவில்லை, இடது கை கனக்கவில்லை. எனக்கு வந்ததுபோல வரவில்லை, ஆகவே அது அதுவல்ல. பெண்களுக்கும் கனகாலமாகச் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் நெஞ்சு நோவே இல்லாமல், களைப்பாகவும் இளைப்பாகவும் தாடை நோவாகவும் வயிற்றெரிவாகவும் வரலாம் என்பது ஆஸ்பத்திரியில் தந்த துண்டுப் பிரசுரத்தில் இருந்தது. அதை நான் வாசித்திருந்தேன். என் மாரடைப்பைப் பற்றியது இல்லை என்பதால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தேன்.

போத்தல் மருந்தை அவள் குடித்தாள். அவள் நான் சொன்னால் கேட்பவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு வான் நிறைய ஆட்கள் வந்தார்கள். மனைவியின் சொந்தம், பாசிக்குடாப் பக்கம் குடியிருப்பவர்கள். அவர்களுக்கு முன்னமே மனைவியின் அக்கா வந்திருந்தாள். எனக்கு மச்சாள். வாவி இறாலைக் கூடையில் கொண்டு திரிந்து விற்பவள், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எந்த நேரமும் வாய்க்குள் வெற்றிலை. இந்த ஊர் வைத்தியர்களில் எனக்கு ஆகக் குறைந்த மரியாதை இருந்தது அவளிடம்தான். நான் வீடு வந்த மறுநாளே உள்ளிப் பாலோடு வந்தவள். என் விளக்கத்தை ஒருநாளும் இருந்து கேட்டதில்லை. வந்ததும் குசினிக்குள் போய்விடுவாள்.

வான்காரர்களுக்கு நான் மாரடைப்பின் அறிகுறிகளை விளக்கிக்கொண்டிருந்தேன். அன்று நல்ல கூட்டம், எனக்கும் நல்ல குரல். வியர்வை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "சும்மா வெயிலுக்கு வேர்க்கிற மாதிரி இல்ல, குளிர்ந்த வேர்வை, அதான் முக்கியம்" என்று சொல்லும்போது மனைவி தட்டைக் கொண்டுவந்தாள். அவள் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டி ஒரு கோப்பைக்குள் விழுந்தது. நான் கண்டேன். அடுப்படி வெக்கை என்று நினைத்தேன். எனக்குத் தந்த தேத்தண்ணீரில் சீனி போடப்பட்டிருந்தது. எனக்குச் சீனி கூடாது என்று தெரியாதா என்று ஆட்களுக்கு முன்னால் கேட்டேன். அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். நான் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் மச்சாள் விறாந்தைக்கு வந்தாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்திருந்தாள்.

"மச்சான், எழும்புங்க. தங்கச்சிப் புள்ளைக்கு ஏலாமக் கிடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"வாய்வு மச்சாள். நாலஞ்சு நாளா இரிக்கி. அந்தப் போத்தல் மருந்த..."

"வாய்வா?" என்றாள். அவ்வளவுதான். என்னைத் தாண்டி முற்றத்துக்குப் போய் வான் சாரதியிடம், "தம்பி, வான எடு" என்றாள். பிறகு குசினிக்குள் போய் மனைவியைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்தாள். மனைவியின் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. அந்த நிலையிலும் அவள், "அடுப்புல கறி கிடக்கு கா" என்று அக்காவிடம் சொன்னாள்.

வானில் போகும்போது மச்சாளிடம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்டது வெட்கமாக இருந்தது. "மூணு நாளாப் பாக்கன். மா இடிக்கிற உலக்கையத் தூக்கிறவள் தண்ணிக் குடத்தத் தூக்க ஏலாம நிக்காள். வாய்வுக்கு அப்பிடி வராது" என்றாள். தங்கையின் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். வாவிப் பாலத்தைக் கடக்கும் வரை நான் செய்தது ஒன்றுதான். என் மருந்துப் பையிலிருந்த அஸ்பிரினை எடுத்து அவளைச் சப்பச் சொன்னேன். அதுவும் பாதிவழி போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த டொக்டர் இளம் பெண். காகிதத்தைப் பார்த்ததும் அவளுடைய நடை மாறியது. மாரடைப்பு. இன்றைக்குத் தொடங்கியதல்ல, சில நாளாகவே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்றாள். எனக்குச் செய்தவை எல்லாம் மனைவிக்கும் செய்யப்பட்டன, ஆனால் பிந்தி. பிறகு இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்த்தபோது இடப்பக்கச் சுவரில் ஒரு பகுதி அசையவில்லை. கருகியது முளைக்காது என்று ஊருக்கெல்லாம் சொன்னவனுக்கு அதைத் திரையில் காட்டினார்கள்.

கொண்டுபோன அன்று மனைவி சுயநினைவோடுதான் இருந்தாள். நான் கட்டிலின் ஒரு பக்கம், மச்சாள் மறுபக்கம். டொக்டர் கிளினிக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, இவ்வளவு நாள் ஏன் வராம இருந்தீங்க? ஆர் உங்களுக்கு இத வாய்வு எண்டு சொன்னது?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தேனா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மனைவி என்னைப் பார்க்கவில்லை.

"வீட்டுக்கு வந்த ஆக்கள்தான் சொன்னாங்க டொக்டர். இவர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர். நான்தான் கேக்கல்ல."

டொக்டர் என் பக்கம் திரும்பினாள். "நல்ல காலம், நீங்களாவது சொல்லியிருக்கீங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன். மச்சாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசவில்லை, காட்டிக்கொடுக்கவில்லை. நான் இத்தனை கிழமையாக ஊரைப் பார்த்த பார்வை எப்படிப்பட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது மனைவி வீட்டில் இருக்கிறாள். பின்னேரமானால் அவள் காலில் தண்ணீர் இறங்குகிறது. விரலால் அமத்தினால் பள்ளம் விழுகிறது. சலம் போகிற குளிசை, இதயத்தின் பாரத்தைக் குறைக்கிற குளிசை, கொழுப்புக் குளிசை, எல்லாவற்றையும் நான்தான் பெட்டியில் பிரித்து வைக்கிறேன். காலையில் அவளை நிறுத்து நிறை பார்க்கிறேன். ஒரே நாளில் நிறை கூடினால் உடம்பில் தண்ணீர் சேர்கிறது என்று அர்த்தம். உப்பில்லாமல் சமைக்கப் பழகிவிட்டேன். இரவில் அவளுக்கு இரண்டு தலையணை. மூன்றாவதைக் கேட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு வந்ததைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

அவளைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். பிஸ்கட் பெட்டி, தோடம்பழம், மோல்ட் பெட்டி. அதிபரும் வந்தார். திரும்பவும் குளிசை போடத் தொடங்கிவிட்டாராம். என் மனைவி அவருக்குப் பக்குவமாகச் சொன்னாளாம். அவளிடம் எல்லோரும் கேட்கிறார்கள், ஏன் நாளைக் கடத்தினாய் என்று. அவள் சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டு டொக்டருக்குச் சொன்னதையே திருப்பிச் சொல்கிறாள். "இவர் சொன்னவர்தான். நான்தான் வாய்வு எண்டு இருந்திட்டன்." அவர்கள் குசினிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்து, "பாவம், மனிசன் சொன்னதக் கேட்டிருக்கலாமே புள்ள" என்கிறார்கள்.

எல்லாம் எனக்குக் கேட்கும். நான் அவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு தரமும் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது இந்தத் தரம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். போய், எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.